ஐந்தாம் படிக்கு மேல்

எங்கள் வீட்டு மாடிப்படிகள் மொத்தம் பதினெட்டு. எங்கள் வீடு என்பது வாய்ப் பழக்கம். வீடு பாலிஷ்காரருடையது; கீழே தெருப்பக்கத்து அறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு வாடகைக்கு இருப்பவள் நான். ஆனால் படிகள் என் அறைக் கூரையை ஒட்டித்தான் ஏறிப் போகின்றன. பதினோரு வருடமாக யார் ஏறினாலும் இறங்கினாலும் என் தலையில் மிதித்துக்கொண்டுதான் போகிறார்கள். காலடிச் சத்தத்தை வைத்தே ஆள் யாரென்று சொல்லிவிடுவேன்.

கீழேயிருந்து முதல் நாலு படி வெறும் சிமெண்டு. சாரல் அடிக்கிற இடம், பாலிஷ் நிற்காது என்று அப்படியே விட்டுவிட்டார். ஐந்தாம் படியிலிருந்து கறுப்புக் கல். ஊருக்கெல்லாம் தரை தேய்த்துக் கொடுக்கிற மனுஷன், போன வருடக் கடைசியில்தான் தன் வீட்டுப் பக்கம் திரும்பினார். இரண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், முழங்கால் போட்டுத் தேய்த்தார். சொரசொரப்பான கல்லில் ஆரம்பித்து, அதைவிட நைசான கல், அதைவிட நைசான கல் என்று ஏழு கல் மாற்றி, கடைசியில் மெழுகு. படி முடிந்ததும் மாடியில் கூடம், சமையலறை எல்லாம் அதே மாதிரி. அதற்குப் பிறகு அவருக்கு அந்தப் படிதான் விலாசம். வீடு கட்டுகிறவர்கள் யாராவது வந்தால் ஐந்தாம் படிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்.

"குனிஞ்சு பாருங்க. உங்க பல்லை நீங்களே எண்ணிக்கலாம்."

வந்தவர்கள் குனிந்து இளிப்பார்கள். எண்ணிவிட்டு வேலையைக் கொடுப்பார்கள்.

அவர் வீட்டு நாய்க்கு மூட்டை என்று பெயர். நாலு வருடத்துக்கு முன் அவர் வேலை செய்த கட்டடத்தில் சிமெண்டு மூட்டைகளின் மேல் படுத்துக் கிடந்த குட்டி. நிறமும் சிமெண்டு நிறம். வளர்ந்த பிறகு கனமும் கிட்டத்தட்ட அதுதான். பழைய படியில் ஒரே தாவாகத் தாவி ஏறும். கறுப்புக் கல் வந்த பிறகு அதன் நகம் பிடி கிடைக்காமல் இழுத்துக்கொண்டு போகும். நாங்கள் எல்லாரும் பார்த்துச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அவர் சம்சாரம் பஸ் டெப்போ கேன்டீனில் சமையல். முந்நூறு பேருக்கு ஒரே ஆளாக நின்று முட்டை அவிக்கிற கை. அந்தக் கைதான் உடைந்தது. மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது; திடீரென்று மழை பிடித்துக்கொண்டது; அள்ளிக்கொண்டு, என் துணியைக் கொடுக்கக் கீழே இறங்கியிருக்கிறாள். திருப்பத்தில், கீழேயிருந்து எண்ணினால் எட்டாம் படியில், கால் போய்விட்டது. என் தலைக்கு மேல் தடதடவென்று ஒரு சத்தம். ஊசியை அப்படியே துணியில் குத்திவிட்டு ஓடினேன். அக்கா சிமெண்டுப் படியில் கிடந்தாள், துணியெல்லாம் சிதறி. அவள் மேலேயே மூட்டையும் கிடந்து உதறிக்கொண்டிருந்தது. தெருவிலிருந்து பாலிஷ்காரர் ஓடி வந்துகொண்டிருந்தார்.

எனக்கு முந்திரிக்கொட்டை வாய். "என்னக்கா, நாய் குறுக்க வந்து தட்டிவிட்டுடுச்சா?" என்று கேட்டேன்.

அவள் புருஷனைப் பார்த்தாள். "ஆமா" என்றாள்.

அவ்வளவுதான். மூட்டை மேல் குற்றம் விழுந்தது இப்படித்தான்.

அதற்குப் பிறகு நாற்பது நாள். அக்கா கையில் மாவுக்கட்டோடு மாடியிலேயே இருந்தாள். மூட்டை படியில் கால் வைக்கவே மறுத்துவிட்டது. மாடிக் கூடத்திலும் சுவரை ஒட்டி ஒட்டித்தான் நடந்தது. அக்கா பழைய பாய், மிதியடி, கிழிந்த போர்வை என்று வாசலிலிருந்து சமையலறை வரை போட்டு வைத்தாள். மூட்டை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டித் தாண்டிப் போகும். காலையிலும் சாயங்காலமும் வெளிக்குப் போக அதைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். பாலிஷ்காரர்தான் தூக்கினார். நாள் முழுக்க மெஷினைப் பிடித்து வளைந்த இடுப்பு. திட்டிக்கொண்டே தூக்கினார்.

ஒரு திங்கட்கிழமை காலை, டீ டம்ளரைக் கீழே வைக்கும்போதே சொல்லிவிட்டார். எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னாரோ என்னவோ, நன்றாகவே கேட்டது.

"ஞாயித்துக்கிழமை உன் தம்பி சூளையிலேருந்து லாரியோட வர்றான். இதை ஏத்தி அனுப்பிடறேன். அங்க மண்ணுதான், செங்கல்லுதான். நல்லா ஓடட்டும்."

"இது இங்கயே இருந்த நாய்ங்க."

"உன்னைத் தள்ளிவிட்டதும் இது. சுமக்குறவன் நான். கையைப் பாரு உன்னோடத."

"கை சரியாயிடுச்சு. நாளைக்குக் கட்டுப் பிரிக்கிறாங்க."

"பிரிக்கட்டும். இன்னொரு தடவை உடைச்சுக்க வேணாம்."

பிறகு அக்கா சொன்னாள்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள இது தானா ஏறி எறங்கிட்டா?"

"எறங்கிட்டா இருக்கட்டும். எனக்கு என்ன, அது மேல பகையா?"

மறுநாள் டெப்போ ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒருத்தி மாடிக்கே வந்து கட்டைப் பிரித்துவிட்டுப் போனாள். கட்டு இல்லாமல் பார்த்தால் கை மெலிந்து போயிருந்தது. அடுத்த திங்கள் வேலைக்கு வரலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். சீட்டை எனக்குக் காட்டத்தான் அக்கா என்னை மேலே கூப்பிட்டாள் என்று நினைத்தேன். அக்கா சீட்டைப் பார்க்கவே இல்லை.

"டைலரம்மா, உன்கிட்ட மிச்சத் துணி ஏதாச்சும் இருக்கா? மூட்டைக்கு சாக்ஸ் தைக்கணும்."

"நாய்க்கா?"

"நாலு."

கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் காத்திருக்க, நான் நாய்க்கு சாக்ஸ் தைத்தேன். பள்ளிக்கூட யூனிஃபார்மில் மிச்சமான நீலத் துணி. மாட்டிவிட்டதும் மூட்டை ஒவ்வொரு காலாகத் தூக்கி உதறியது. பிறகு ஒரு அடி வைத்தது. நாலு காலும் நாலு பக்கம் போய், வயிறு தரையில் ஒட்டிக்கொண்டது. அதுவரை நகமாவது இருந்தது. நான் அதையும் மூடிவிட்டேன்.

"நல்லா இருந்த நாயைக் கெடுத்துட்டீங்கக்கா" என்றேன், சாக்ஸ் தைத்தவள் நான்தான் என்பதை மறந்து.

புதன்கிழமை சாக்கு. புதுத் தரை போட்டால் ஈரச் சாக்கு விரித்து மூடி வைப்பது பாலிஷ்காரருடைய தொழிலில் வழக்கம். வீட்டில் சாக்குக்குப் பஞ்சமில்லை. அக்கா மேலே நின்று எடுத்துக் கொடுக்க, நான் படி படியாக விரித்தேன். மூட்டை நம்பி இறங்கியது. இரண்டு படி இறங்கியிருக்கும். சாக்கு நாயோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு என் மேல் வந்து விழுந்தது. அந்தக் கல்லின் மேல் எது போட்டாலும் நிற்கவில்லை. மூட்டை எழுந்து நின்ற படியில் நாலு ஈரப் பாதம் தெரிந்தது. பயந்தால் நாய்க்கு உள்ளங்காலில் வேர்க்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அன்று இரவுச் சோற்றில் அது வாய் வைக்கவில்லை என்றாள் அக்கா. அவளும் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று அவள் முகம் சொன்னது.

வியாழக்கிழமை காலை அவர் வேலைக்குப் போனதும் அக்கா மேலிருந்து கூப்பிட்டாள்.

"மேலேருந்து எறங்கச் சொன்னா வராது டைலரம்மா. கடைசிப் படியிலேருந்து பழக்கணும். அதைத் தூக்கிட்டுப் போயி அஞ்சாம் படியில விடு. ஒரே ஒரு படி எறங்கினா சிமெண்டு வந்துடும். அதுக்குத் தைரியம் வரும். அப்புறம் ஆறு, அப்புறம் ஏழு."

"இதைத் தூக்கிட்டு நான் எப்படி எறங்குறது? எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாளைக்கு ஜாக்கெட்டை யாரு குடுக்குறது? நீங்களும் வாங்க, ஆளுக்கு ஒரு பக்கம் பிடிப்போம்."

அவள் வரவில்லை. பதினெட்டாம் படியில் நின்றாள். பாதத்தைப் பதினேழாம் படிக்கு நீட்டினாள், கட்டைவிரலால் தொட்டாள், எடுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள், எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் மூட்டையும் அதையே செய்துகொண்டிருந்தது. இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது.

நாற்பது நாளாக அவள் கீழே வராதது கைக்கட்டால் இல்லை. நடக்கிற காலுக்கும் உடைந்த கைக்கும் என்ன சம்பந்தம்? பதினோரு வருடம் காலடி கேட்டவள் நான், ஒரு காலடி கேட்காமல் போனதை யோசிக்கவில்லை.

"அக்கா, நாய் உங்களைத் தட்டல. இல்லையா?"

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீதானே கேட்ட, நாய் தட்டிடுச்சான்னு. அவர் ஓடி வந்துட்டிருந்தார். ஆமான்னு வந்துடுச்சு வாயில."

"அப்ப எப்படித்தான் விழுந்தீங்க?"

"செருப்பு ஈரம். கல்லுல வெச்சேன், போயிடுச்சு. இது எனக்குப் பின்னாடி வந்துட்டிருந்தது. நான் விழுந்ததும் என்னைப் பிடிக்கப் பாஞ்சுது பாவம், அதுவும் சறுக்கிட்டு வந்து என் மேல விழுந்துச்சு."

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? ரெண்டு மாசம் ஒரு ஞாயித்துக்கிழமைகூட அந்த மனுஷன் படுக்கல. முடிச்சுட்டு என்னைக் கூப்பிட்டு, இந்தா உனக்குத்தான்னு காட்டினார். இருபத்தாறு வருஷத்துல அவர் எனக்குன்னு செஞ்சது அது ஒண்ணுதான். அதுல வழுக்கி விழுந்தேன்னு சொன்னா அவர் முகத்தைப் பார்க்க முடியுமா?"

"அதுக்கு இந்த வாயில்லாப் பிராணி சூளைக்குப் போகணுமா?"

"அதான் பழக்கிடலாம்னு பார்க்குறேன். இது என் காலடியிலேயே படுத்திருக்கு."

கேட்டது என் வாய்தானே. நான் மட்டும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவள் வேறு ஏதாவது சொல்லியிருப்பாள். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

அன்றைக்கே ஒரு வழி கண்டுபிடித்தாள். நின்றுகொண்டு இறங்க முடியாது, உட்கார்ந்துகொண்டு இறங்கலாம். கால் இரண்டையும் அடுத்த படியில் ஊன்றி, நல்ல கையைச் சுவரில் வைத்து, பின்பக்கத்தை மெல்ல இறக்கி, பிறகு அடுத்த படி. பிடியில்லாத படி அது. கைப்பிடி வைத்தால் கல்லின் அழகு மறையும் என்று அவர் வைக்கவில்லை. நடுத்தர வயசுப் பொம்பளை, டெப்போவே பயப்படுகிற குரல், குழந்தை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் மடி பக்கத்தில் இருந்ததால் மூட்டையும் ஒவ்வொரு படியாக வயிற்றைத் தேய்த்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு படியிலும் நான் ஒரு துண்டு அவித்த முட்டையை வைத்தேன். எட்டாம் படியில் இரண்டு பேருமே நின்றுவிட்டார்கள். முட்டை வைத்தும் மூட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இன்னைக்கு இது போதும்" என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமையும் எட்டாம் படியோடு சரி. அவர் வருவதற்குள் மறுபடி உட்கார்ந்தபடியே ஏறிப் போய்விட்டாள். அதை அவரிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கவில்லை. பார்த்த பார்வையே போதும்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. சாரலில் நாலு சிமெண்டுப் படியும் நனைந்து கிடந்தன. ஒரு நாள்தான் மிச்சம் என்பதால் அக்கா அன்றைக்கும் உட்கார்ந்து இறங்கினாள். நான் கீழே நின்று முட்டைத் துண்டை நீட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மூன்று பேருக்கும் தெருவில் கண் இல்லை. பாலிஷ்காரருக்குக் கூரையில்லாத கட்டடத்தில் வேலை. தண்ணீர் தேங்கி மெஷினுக்குக் கரண்ட் கொடுக்க முடியாமல் மத்தியானமே திரும்பிவிட்டார். எவ்வளவு நேரம் எனக்குப் பின்னால் மழையில் நின்று பார்த்தாரோ தெரியாது. அக்கா எட்டாம் படியில் இருந்தாள். ஏழாம் படிக்குப் பாதத்தை நீட்டுவாள், எடுத்துக்கொள்வாள். மூட்டையும் நீட்டும், எடுத்துக்கொள்ளும்.

முதலில் அவரைப் பார்த்தது மூட்டைதான். வாலை ஆட்டியது. அக்காவுக்கு முகம் வெளுத்துப் போனது.

அவர் என்னைத் தாண்டிக்கொண்டு முன்னால் வந்தார். செருப்பில்லாத ஈரக்காலோடு சரசரவென்று ஐந்து, ஆறு, ஏழு என்று ஏறினார். ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. ஏழில் நின்று தன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். முப்பது வருடம் கல் கரைந்த சேற்றில் நின்ற பாதம்; வெடித்து, காய்த்து, அதுவே ஒரு தேய்க்கிற கல் மாதிரி இருக்கும். பிறகு இறங்கி வந்தார். அன்றைக்கு விழும்போது கழன்ற அக்காவின் செருப்பு ஒரு ஜோடி, நான் எடுத்து என் வாசலோரம் வைத்தது, அப்படியே கிடந்தது. அதில் விரல்களை மட்டும் நுழைத்துக்கொண்டார். மழையில் நனைத்தார். ஐந்தாம் படியில் வைத்து மெல்ல அழுத்தினார்.

கால் போய்விட்டது. சுவரைப் பிடித்ததால் விழவில்லை. முழங்கால் கல்லில் இடித்தது. அந்தப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நாய் தட்டல" என்றார்.

"இல்லங்க" என்றாள் அக்கா, மூன்று படி மேலேயிருந்து.

"ஏன் சொல்லல?"

"அழகா இருந்துச்சு. எல்லாரும் சொன்னாங்க. எனக்கும் அழகாத்தான் இருந்துச்சு."

"எத்தனை வீட்டுக்குப் போட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் நானே நடந்து பார்த்துட்டுத்தான் சரின்னு சொல்வேன்." பாதத்தைத் தேய்த்துக்கொண்டார். "இந்தக் காலை வெச்சு."

"விடுங்க."

"உனக்குன்னு சொல்லிட்டு என் காலுக்கு ஏத்த படியைப் போட்டு வெச்சிருக்கேன். அதுல நீ நாப்பது நாளா உட்கார்ந்து உட்கார்ந்து எறங்கிட்டு இருக்க."

"நாப்பது நாள் இல்லங்க, மூணு நாள்தான்" என்றேன் நான். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பார்வையில் எனக்கு உரியதும் இருந்தது. அன்றைக்குக் கேட்ட கேள்வியை நான் இன்னும் அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

மூட்டை தானாகவே வயிற்றைத் தேய்த்துக்கொண்டு எட்டிலிருந்து ஏழுக்கும், ஏழிலிருந்து ஆறுக்கும் வந்து அவர் முதுகில் முகத்தை வைத்தது. அவர் திரும்பாமலே கையைப் பின்னால் கொண்டுபோய் அதன் காதைப் பிடித்துக்கொண்டார். மனுஷன் அழுதார். நான் உள்ளே போய் மெஷினை மிதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னை எழுப்பியது என் தலைக்கு மேல் கேட்ட உறுமல். வெளியே வந்து பார்த்தால் கை மெஷினைப் பிடித்துக்கொண்டு ஐந்தாம் படியில் முழங்கால் போட்டிருக்கிறார். மாட்டியிருந்தது ஏழாவது கல் இல்லை. எல்லாவற்றுக்கும் முதலில் போடுகிற கல், கருங்கல்லையே பிறாண்டுகிற சொரசொரப்பு. தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்தார். வெள்ளையாகச் சேறு வழிந்து சிமெண்டுப் படியில் இறங்கியது. அதைத் துடைத்த இடத்தில் கல் கறுப்பாக இல்லை. சாம்பல் பூத்தாற்போல மங்கிக் கிடந்தது. பல் எண்ண முடியாது. அங்கே முகமே தெரியாது.

"அண்ணே, முழுசுமா? ஓரத்துல மட்டும் ஒரு கோடு இழுத்தாப் போதாதா?"

"எந்த இடத்துல கால் வைக்கும்னு யாருக்குத் தெரியும் டைலரம்மா?"

பத்து மணிக்கு மச்சினன் லாரியோடு வந்தான். கையில் கயிறு, கழுத்துக்குத் தோல் பட்டை, ஒரு அலுமினியத் தட்டு. வரும்போதே ஏற்பாடாக வந்திருக்கிறான்.

"மச்சான், நாய் எங்க?"

"தண்ணி தூக்கு."

"நாயை ஏத்திட்டு நான் மத்தியானத்துக்குள்ள போகணும் மச்சான். அங்க ஆளுங்க காத்திருக்காங்க."

"நாய் போகல. நீ தண்ணி தூக்கு."

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் வாளியைக் காட்டினேன். பாவம், நாய் வாங்க வந்தவன் சாயங்காலம் வரைக்கும் தண்ணீர் சுமந்தான். நடுவில் ரொட்டியும் முட்டையும் அக்கா மேலிருந்து கூடையில் கட்டி இறக்கினாள். பதினெட்டாம் படி முடியும்போது பாலிஷ்காரரால் நிமிர முடியவில்லை; மச்சினன்தான் பிடித்துத் தூக்கினான். மச்சினன் வெறும் கயிற்றோடு போனான். போகும்போது தட்டை மட்டும் மூட்டைக்கு விட்டுவிட்டுப் போனான்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவள். படிதான் ஒரு நாளில் மாறியது. பயம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? திங்கட்கிழமை அக்கா வேலைக்குப் போக இறங்கினாள். இந்தத் தடவை நின்றுகொண்டு. ஒரு படிக்கு இரண்டு கால், கை சுவரில். அவர் அவளுக்கு ஒரு படி கீழே, முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே இறங்கிக்கொண்டிருந்தார். எட்டாம் படியில் நிறைய நேரம் நின்றார்கள்.

"வழுக்காது" என்றார்.

"தெரியும்."

"அப்ப வையேன்."

"வைக்கிறேன். அவசரப்படுத்தாதீங்க."

வைத்தாள். மூட்டை மேலே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அது இறங்க இன்னும் ஒன்பது நாள் ஆனது. முதல் நாள் கடைசிப் படி, மறுநாள் இரண்டு, அக்கா சொன்ன கணக்குப்படியே. பத்தாம் நாள் காலை நான் பித்தான் தைத்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் டக் டக் டக் என்று நகச் சத்தம். இழுபடாமல், சறுக்காமல், பதினெட்டும் எண்ணினேன். அதற்குப் பின்னாலேயே அக்காவின் செருப்பு. ஒரு படிக்கு ஒரு கால். பித்தானை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம்தான், வேறென்ன.

அதற்கடுத்த வாரம் ஒரு கண்ட்ராக்டர் வந்தார். ஆறு மாதத்துக்கு முன் அதே படியில் குனிந்து பல் எண்ணிவிட்டுப் போனவர். புதிதாகக் கட்டுகிற ஆஸ்பத்திரிக்குத் தரை போட வேண்டும், முதலாளியையும் கூட்டி வந்திருந்தார். ஐந்தாம் படிக்கு முன்னால் போய் நின்றவர் திகைத்துவிட்டார்.

"என்னய்யா இது? பல்லு எண்ணலாம்னு சொல்லி இவரைக் கூட்டிட்டு வந்தேன். யார் இப்படிக் கெடுத்தது?"

"நான்தான்" என்றார் பாலிஷ்காரர். "என் சம்சாரம் இதுல வழுக்கி விழுந்துட்டா. கை உடைஞ்சுபோச்சு."

"நாய் தள்ளிவிட்டுடுச்சுன்னு கேள்விப்பட்டேனே. தெருவே சொன்னுச்சே."

தெரு என்றால் யார்? நான்தான். துணி வாங்க வந்தவர்கள், கொடுக்க வந்தவர்கள் எல்லாரிடமும் சொன்ன வாய். பாலிஷ்காரர் என்னைப் பார்க்கவில்லை, படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

"அதைக் கெளப்பிவிட்டது நான்தாங்க" என்றேன். "நாய் ஒண்ணும் பண்ணல. அது பிடிக்கத்தான் வந்துச்சு."

மூட்டை அப்போது சாப்பாட்டு நேரம் என்று இறங்கி வந்துகொண்டிருந்தது. முதலாளி ஒதுங்கி வழிவிட்டார். எட்டாம் படியில் ஒரு நொடி நின்றது, பிறகு இறங்கி என்னைத் தாண்டித் தன் அலுமினியத் தட்டுக்குப் போனது. முதலாளி குனிந்தார், பல் பார்க்க இல்லை, படியில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தார்.

"வழுக்கல" என்றார்.

"கையால பார்க்காதீங்க" என்றார் பாலிஷ்காரர். வாசலோரம் கிடந்த அக்காவின் செருப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "தண்ணியில நனைச்சு இதைப் போட்டு ஏறிப் பாருங்க. உங்க ஆஸ்பத்திரியில என் கால் நடக்கப் போறதில்ல."